கலுங்கில் ஒரு முடிச்சு

கண்மாய்க் கரை உடைந்து ஊருக்குள் புகுந்த தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. சந்தேகம் மட்டும் வடியவில்லை.

கீழத்தெருவில் சுவர் விழாத வீடு இல்லை. இருளாயியின் ஆடுகள் பட்டியோடு போயின. நட்ட வயலெல்லாம் மணல்மேடு. யாரோ கரையை வெட்டிவிட்டார்கள் என்று முதல் நாளே ஒரு பேச்சு கிளம்பியது. மறுநாள் அந்த யாரோவுக்கு ஒரு பெயர் கிடைத்தது. சேவுகன்.

சேவுகன் மடைக்காரர். கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் வேலை. மழை கொட்டிய அன்று சாயங்காலம் அவர் மண்வெட்டியோடு கரைமேல் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர் குடிசை மேட்டில் இருந்ததால் வாசலுக்குக்கூட வெள்ளம் வரவில்லை. என்னய்யா செய்தாய் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார். ஊருக்கு அது போதும்.

சேவுகன்தான் என்று முடிவானால் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் உள்ளே படுத்திருந்தாள். நிறைமாதம். அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த முடிவைச் சொல்ல, யார் பக்கமும் சாயாத ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். கரையின் தெற்குக் கடைசியில் தகரக் கூரை போட்ட சின்ன மடம். அதில் இருந்த சாமியம்மா.

அவருக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். சீடர் என்று ஒரே ஒருவர், பூவலிங்கம். குருவைவிட வயதில் மூத்த சீடர். ஆயுசில் பாதியைப் போலீஸ் ஸ்டேஷனில் கழித்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர். ஊருக்கு இன்னும் அவர் ஏட்டையாதான். சாமியம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மடத்துக்கு வந்த புதிதில் பூவலிங்கம் சொன்னார்: "தாயே, எனக்குச் சந்தேக புத்தி. பால்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கட்டினவ, பெத்த பிள்ளை, ஒருத்தரை விடாம சந்தேகப்பட்டு வாழ்ந்துட்டேன். இது போகணும்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

"ஒரு ஆளை விட்டுட்ட மாதிரி தெரியுதே ஏட்டையா."

அந்த ஆள் யார் என்று பூவலிங்கம் பல நாள் யோசித்தார். கடைசியில் கண்டுபிடித்தார். சாமியம்மாதான். அன்றிலிருந்து அவரையும் ஒரு கண் பார்த்து வந்தார்.

*

ஊரார் வந்தபோது சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

ஆதப்பன் முன்னால் நின்றார். ஊருக்கு வடக்கே உள்ள செங்கல் சூளை அவருடையது. ஊரில் பாதி வீடு அவர் கல், பாதிப் பேருக்கு அவரிடம் வேலை.

"சாமியம்மா, சுருக்கமாக் கேக்குறோம். கரையை வெட்டினது சேவுகனா, இல்லையா?"

"அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும்," என்று இருளாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "இந்த மழை எங்கருந்து வந்துச்சு? எம் மகன் திருப்பூர்லருந்து போன் போட்டான். உலகமே சூடாகிப் போச்சாம். கடலு கொதிக்குதாம். இனிமே பேஞ்சா இப்பிடித்தான் பேயுமாம். ஊரு பூராம் கரியை எரிச்சுப் புகையை விட்டவங்கதான் காரணமாம்."

சொல்லிவிட்டு அவள் வடக்கே சூளைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

ஆதப்பன் சிரித்தார். "உம் மகன் பனியன் கம்பெனியில வானத்தையா தைக்கிறான்? ஏத்தா, எங்க அப்பா காலத்துலயும் இப்பிடிப் பேஞ்சிருக்கு. கோயில் கல்தூண்ல கோடு போட்டு வச்சிருக்காங்க, போய்ப் பாரு. கடலுக்குன்னு ஒரு குணம் உண்டு. சில வருஷம் சூடேறும், சில வருஷம் ஆறும். அதுக்குத் தகுந்த மாதிரி நாம காய்வோம், இல்லைன்னா மிதப்போம். அன்னைக்கு எந்த உலகம் சூடாச்சு? மழை தானா வந்தது. கரை தானா உடையல. அம்புட்டுத்தான் விஷயம்."

"அப்ப எம் மகன் பொய் சொல்றானா?"

"அப்ப எங்க அப்பா போட்ட கோடு பொய்யா?"

சாமியம்மா கீரைக் காம்பை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பூவலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"தாயே, இதுல எது நிஜம்? எப்பவும் வர்ற மழையா, சூட்டுல வந்த மழையா?"

"நாளைக்குக் காலையில சொல்றேன்," என்றார் சாமியம்மா, ஊரைப் பார்த்து. "எல்லாரும் கலுங்குக்கு வந்துருங்க. அதுக்குள்ள ஏட்டையா ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டும்."

பிறகு பூவலிங்கத்திடம் திரும்பினார். "யாரையும் விட்டுறாதீங்க."

"யாரையுமா?"

"யாரையும்."

பூவலிங்கத்தின் உடம்பு நிமிர்ந்தது. மடத்துக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பிடித்த உத்தரவு அவருக்குக் கிடைத்ததில்லை.

*

முதலில் கோயிலுக்குப் போனார். ஆதப்பன் சொன்னது பொய்யில்லை. கல்தூணில் உளியால் வெட்டிய பழைய கோடு இருந்தது. புது வெள்ளத்தின் செம்மண் கறை அதற்கு மேலே இருந்தது. பூவலிங்கம் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண்.

'ஒரு சாண்தானே,' என்று விட்டுவிட்டு நடந்தார்.

அடுத்தது உடைப்பு. தென்னந்தடியும் மணல் மூட்டையும் போட்டு அவசரத்துக்கு அடைத்திருந்தார்கள். கண்மாயில் மறுபடியும் தண்ணீர் ஏறியிருந்தது. வங்கக் கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு என்று காலையில்தான் டீக்கடை டிவியில் சொன்னார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டே எல்லாரும் சேவுகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டிய இடம் எப்படி இருக்கும் என்று ஏட்டுக்குத் தெரியும். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று எத்தனை பார்த்தவர். மண்வெட்டி விழுந்த இடம் படி மாதிரி நிற்கும். இங்கே அப்படி ஒரு படியும் இல்லை. அதைவிட விசித்திரம், உடையாத இடத்திலும் கரையின் வெளிச்சரிவில் புல்லெல்லாம் சீப்பு வைத்து வாரியது போல் கீழ்நோக்கிப் படுத்திருந்தது. கரை நெடுக அப்படித்தான்.

அவர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்திருக்கிறது. வழிந்து வழிந்து, இளைத்த இடத்தில் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் தண்ணீர் கரை உச்சிவரை ஏன் ஏற வேண்டும்? மிஞ்சிய தண்ணீர் தானே வழிந்து போகத்தானே தெற்குக் கடைசியில் கலுங்கு கட்டி வைத்திருக்கிறது?

'அப்போ குற்றவாளி இங்க இல்லை. கலுங்குல இருக்கான்.'

கலுங்குக்குப் போவதற்கு முன்னால் சேவுகன் குடிசைக்குப் போனார். குடிசைக்குள் மகள் முனகும் சத்தம் கேட்டது. சேவுகன் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மண்வெட்டி எதுக்குய்யா எடுத்துட்டுப் போன?"

"மடைக்காரன் கையில மண்வெட்டி இல்லாம லத்தியா இருக்கும்?"

"நக்கலு வேண்டாம். கரையை வெட்டினியா?"

"இல்ல."

"அப்ப என்ன செஞ்ச?"

சேவுகன் கயிற்றைப் பார்த்தார். கை நின்றுவிட்டது. ஒரு கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்லி அடுத்த கேள்விக்கு வாயை மூடுகிறவன் வயிற்றில் ஏதோ இருக்கிறது. இது ஸ்டேஷனில் படித்த பாடம்.

"கூட யாரு இருந்தா?"

"சாமியம்மாவைக் கேளுங்க."

அன்று பூவலிங்கம் ஊரில் இல்லை. பென்ஷன் விஷயமாக டவுனுக்குப் போய், மழையில் மாட்டி, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். சாமியம்மா இதுவரை இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

'விட்டுட்ட ஆளுன்னு சொன்னாங்களே. சரிதான்,' என்று நினைத்துக்கொண்டார். சந்தேகம் மெய்யானதில் ஒரு திருப்தி. அதைவிடப் பெரிய வருத்தமும்.

*

கலுங்கில் வரிசையாகக் கல் நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஆள் நுழையும் அளவு சந்து. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தச் சந்து வழியாக வழிந்து ஓடைக்குப் போய்விடும்.

மழை பொய்க்கிற வருஷங்களில் ஊரார் அந்தச் சந்தில் மண் சாக்கை வைத்து அடைப்பார்கள். கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக நிற்கும், மேட்டு வயலுக்கும் பாயும். ஐப்பசி பிறந்து மழை இறங்குவதற்கு முன்னால் சேவுகன் தகரம் தட்டுவார். அவரவர் வந்து அவரவர் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒருத்தர் வைத்த சாக்கில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. எப்போதோ மேட்டு வயல்காரர் சாக்கைப் பள்ளத்து வயல்காரர் பிடுங்கி வெட்டுக்குத்தாகிப் போனதால் வந்த கட்டுப்பாடு அது. மீறிப் பிடுங்கியவர், பிடுங்கியதை ஊர் முன்னால் திருப்பி வைக்க வேண்டும். அதன்பிறகு அவர் பேச்சு சபையில் ஏறாது.

பூவலிங்கம் ஓடைப்பக்கமாக இறங்கிப் பார்த்தார். நாலைந்து சந்து தவிர மற்றதெல்லாம் அடைபட்டிருந்தது. கல்லின் தலைக்கு மேலும் ஒரு முழம் சாக்கு அடுக்கு ஏறியிருந்தது. தொடர்ந்து சில வருஷம் காய்ந்த ஊர். அடியில் இருந்த சாக்குகளில் புல் முளைத்திருந்தது. அவை போன ஐப்பசிக்கும் எடுக்கப்படவில்லை, அதற்கு முந்தியதற்கும் எடுக்கப்படவில்லை. 'இந்த வருஷமும் காயுற வருஷம்தான்' என்று இருந்திருப்பார்கள். 'நம்ம ஒரு சாக்குல என்ன வரப்போகுது' என்றும் இருந்திருப்பார்கள்.

அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். உரச் சாக்கு, இது மேலத்தெரு. சிவப்புச் சேலையில் கட்டிய மணல், பொம்பளை கை. அடுக்கிய செங்கல், இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. கரையோரம் நாலைந்து சாக்கு பிடுங்கி எறியப்பட்டுக் கிடந்தது.

'ஓகோ.'

மேல் வரிசைக்கு வந்தபோது கை நின்றது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாக்கு. வாய் கட்டியிருந்த முடிச்சு வேறு மாதிரி இருந்தது. இரண்டு சுற்று, அடியில் ஒரு வளையம், நடுவில் அரக்கு வைக்க இடம் விட்டு இறுக்கியது. சாராய மூட்டையைக் கைப்பற்றினால் கோர்ட்டுக்கு அனுப்பும்போது இப்படித்தான் கட்டுவார்கள். இந்த ஊரில் இந்த முடிச்சு போடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

பூவலிங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார்.

'எவனோ என் முடிச்சைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கான். மடத்து மேல பழி போட வச்சிருக்கான். சேவுகனா? கயிறு திரிச்சுக்கிட்டிருந்தானே! இல்ல ஆதப்பன் ஆளா?'

முடிச்சைத் தடவினார். விரல்கள் தானாக அதன் மேல் ஓடின. மூன்றாம் முறை ஓடியபோது, கோடையில் வாடி நின்ற மடத்து வாழைகள் கண்ணுக்குள் வந்தன. கிணற்றில் சேறு. கண்மாயில் தண்ணீர் கூடினால் கிணற்றில் ஊறும் என்று ஒரு நாள் சாக்கு தேடியது. கொல்லையில் மண் அள்ளியது.

'அது வேற. அது மடத்துக்கு. பொதுக் காரியம். ரெண்டே ரெண்டு சாக்கு.'

இதை அவர் சத்தமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கரைமேல் மேய்ந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

*

மடத்துக்கு வந்ததும் அவர் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. குருவைத்தான் கேட்டார்.

"அன்னைக்குச் சாயங்காலம் கலுங்குக்குப் போனீங்களா தாயே?"

"போனேன்."

"எதுக்கு?"

"சேவுகன் ஓடி வந்தான். வீடு வீடாப் போய்க் கூப்பிட்டானாம். மழையில ஒருத்தரும் வெளிய வரல. மடத்துச் சாக்கையாவது எடுத்துருங்கன்னான்."

"மடத்துச் சாக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க தூக்கிட்டுப் போறதைப் பார்த்தேனே."

"எடுத்தீங்களா?"

"இல்ல. வச்ச ஆளு டவுனுக்குப் போயிருக்காரு, கட்டுப்பாட்டை மடமே மீறுனா நல்லா இருக்குமான்னு நின்னேன். நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எடுத்திருக்கலாமே தாயே."

"எடுத்திருக்கலாம்," என்றார் சாமியம்மா. அந்தக் குரலில் சமாதானம் சொல்லும் தொனி இல்லை. அவர் கீரையை மறுபடி கையில் எடுத்தார்.

குருவைப் பிடித்துவிட்டோம் என்று பூவலிங்கத்துக்குத் தோன்றவில்லை. பிடிக்க வந்த இடத்தில் தன்னையும் சேர்த்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தது மாதிரி இருந்தது.

*

காலையில் கலுங்கில் ஊர் கூடியது. கிழக்கே வானம் கருகிய சட்டி போல் இருந்தது. காற்றில் ஈர வாடை. கண்மாய்த் தண்ணீர் சாக்குகளின் இடுப்பைத் தொட்டு நின்றது.

"சொல்லுங்க சாமியம்மா," என்றார் ஆதப்பன். "மழை வர்றதுக்குள்ள முடிச்சுருவோம்."

"கரையை யாரும் வெட்டல," என்றார் சாமியம்மா. "ஏட்டையா பார்த்துட்டாரு."

கூட்டம் பூவலிங்கத்தைப் பார்த்தது. அவர் தலையாட்டினார். "மேல ஏறி வழிஞ்சுருக்கு. கலுங்கு அடைச்சிருந்ததால ஏறியிருக்கு."

"அப்போ சேவுகன் அன்னைக்கு என்னதான் செஞ்சான்?"

எல்லாருக்கும் முன்னால் சேவுகன் வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கலுங்குல கை வச்சேன். என்னுது இல்லாத சாக்கை நாலஞ்சு பிடுங்கினேன். அதுக்குள்ள தண்ணி இழுக்கப் பார்த்துச்சு, விட்டுட்டேன்."

"பார்த்தீங்களா!" ஆதப்பன் கையைத் தட்டினார். "வாயைத் திறக்காம இருந்ததுக்கு இதுதான் காரணம். கட்டுப்பாட்டை மீறியிருக்கான்."

"மீறினா என்ன செய்யணும்?" என்று சாமியம்மா கேட்டார்.

"பிடுங்கினதை ஊர் முன்னால திருப்பி வைக்கணும். அதான் முறை."

"சரி. முறைன்னா முறைதான். வை, சேவுகா."

பூவலிங்கம் திடுக்கிட்டார். சேவுகன் ஒரு கணம் சாமியம்மாவைப் பார்த்தார். பிறகு கரையோரம் கிடந்த ஒரு சாக்கைத் தோளில் தூக்கினார். தண்ணீருக்குள் இறங்கினார். சந்தில் வைத்தார். அந்த இடத்தில் வழிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது சாக்கு. இன்னொரு ஓட்டை அடைபட்டது. ஓடைப்பக்கம் சலசலப்பு குறைந்தது. தூரத்தில் இடி உருண்டது. யாரோ பின்னால் திரும்பி உடைப்பில் போட்டிருந்த தென்னந்தடிகளைப் பார்த்தார். பிறகு எல்லாருமே பார்த்தார்கள்.

மூன்றாவது சாக்கைச் சேவுகன் தூக்கும்போது இருளாயி கத்தினாள்.

"வைக்காத! வைக்காதய்யா! உங் கையை ஒடிச்சுருவேன்!"

"முறை ஆத்தா," என்றார் சாமியம்மா.

"எந்த முறை? மழை வருது பாருங்க!"

"மழை தானாத்தானே வருது. அதுக்கும் சாக்குக்கும் என்ன இருக்கு?"

இருளாயி பதில் சொல்லுமுன் ஆதப்பன் நுழைந்தார். "சாக்குனால ஒண்ணும் பெருசா ஆயிறல. அந்தக் காலத்து மழைதான் இது. கோட்டுக்கு மேல ஒரு சாண், அம்புட்டுத்தான்."

"ஒரு சாணா?" இருளாயி அவர் பக்கம் திரும்பினாள். "எங்க மாமனாரு அந்தக் கோட்டை அளந்துதான்யா ஆட்டுப்பட்டிக்கு மேடை கட்டினாரு. அந்த வெள்ளமே திரும்பி வந்தாலும் ஆடு நனையாதுன்னு கட்டினாரு. நான் நம்பித்தானே படுத்தேன். எம் பட்டி பூராம் அந்த ஒரு சாண்லதான் செத்துச்சு."

பூவலிங்கம் சட்டையைக் கழற்றினார். தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். கூட்டம் முழுக்கத் தன் முதுகைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. எத்தனை பேரை இப்படி நடக்க வைத்திருக்கிறார். மேல் வரிசையில் இருந்த முடிச்சைப் பிடித்தார். இரண்டு சாக்கையும் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"மடத்துது," என்றார். பிறகு, "நான் வச்சது," என்றார்.

"அட ஏட்டையா!" என்று யாரோ சிரித்தார். "திருடனைப் பிடிச்சாச்சா?"

இருளாயி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு சிவப்பு மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். "எந் தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டினது," என்று முணுமுணுத்தாள். கத்தரிக்குத் தண்ணி வேண்டுமென்று வைத்ததாம். ஆடு போனதற்கு ஒரு வாரமாக ஊரையே வைதவள், அந்த மூட்டையை யாரும் பார்க்காத மாதிரி கரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சேவுகன் தோளில் இருந்த மூன்றாவது சாக்கை அதன் சொந்தக்காரரே வந்து வாங்கிக்கொண்டார். உரச் சாக்கு, சிமெண்டுச் சாக்கு, கிழிந்த தலையணை உறை என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தது. தண்ணீர் சந்துக்குச் சந்து வாய் திறந்து ஓடைக்குப் பாய்ந்தது.

செங்கல் வரிசை மட்டும் நின்றது.

"என் சூளைக் கல்லு ஊரு பூராம் இருக்கு," என்றார் ஆதப்பன். "இது நான் வச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"யாரும் சொல்லலையே," என்றார் சாமியம்மா.

மழை முதல் துளிகளைப் போட்டது. ஆதப்பன் செருப்பைக் கழற்றினார்.

*

பிறகு வந்த மழை, ஏறக்குறைய முந்திய மழை அளவுக்கே பெய்தது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிந்து ஓடை புரண்டது. கீழத்தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்று போயிற்று. தென்னந்தடிகள் தாங்கின. சேவுகன் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சபையில் சேவுகன் பேச்சு ஏறுமா ஏறாதா என்று ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பூவலிங்கத்துக்கு மட்டும் மனது ஆறவில்லை. மத்தியானம் அடுப்படியில் சாமியம்மா உலை வைத்திருந்தார். மழைநாள் என்பதால் ஈரத் துண்டுகளை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருந்தது. பூவலிங்கம் விறகை எடுத்துக் கொடுத்தபடி கேட்டார்.

"தாயே, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல."

"எதுக்கு?"

"சாக்கு வச்சது நாங்க. சரி, ஒத்துக்கிட்டேன். ஆனா மழை? அது ஆதப்பன் சொன்ன மாதிரி கடல் குணத்துல வந்ததா? இருளாயி மகன் சொன்ன மாதிரி சூட்டுல வந்ததா? ரெண்டுல ஒண்ணுதானே இருக்கணும்? யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க."

சாமியம்மா கொடியைக் காட்டினார். "அந்தத் துண்டு அடுப்பு எரியாட்டி எப்பக் காயும்?"

"இந்த மழையிலயா? ரெண்டு நாளானாலும் ஈரம் போகாது."

"இப்ப?"

பூவலிங்கம் தொட்டுப் பார்த்தார். "காஞ்சுருச்சே."

"அதுல இருந்த தண்ணி எங்க?"

"ஆவியாப் போயிருச்சு."

"எங்க போச்சு?"

"இங்கதான்... காத்துல."

"அடுப்பு எரியாத அன்னைக்கு இந்தக் காத்து அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சிருக்குமா?"

"குடிச்சிருக்காது. சூடு இருக்கப் போய்க் குடிச்சுச்சு. தண்ணியைப் பிடிச்சு வச்சுக்க இடம் கூடிப்போச்சு."

"ம்."

பூவலிங்கம் அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரையின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வெளியே ஒரு காற்று வீசிக் கூரையைக் குளிர்த்தியது. முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன. ஒன்று அவர் நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். பிறகு சடசடவென்று நாலைந்து.

"காத்து எப்பவும் அடிக்கிறதுதான்," என்றார் சாமியம்மா.

பூவலிங்கம் முகத்தைத் துடைக்கவில்லை.

"அப்போ ரெண்டு பேரு சொன்னதும் நிஜம்தான். மேல வானத்துலயும் ஒரு கலுங்கு இருக்கு. அதையும் சூட்டால அடைச்சு உசத்தியிருக்காங்க. காஞ்சா ரொம்பக் காயுறதும், விட்டா மொத்தமாக் கொட்டுறதும்..."

சாமியம்மா அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.

ஏட்டுக்குப் பழைய வேகம் வந்தது. எழுந்து நின்றுவிட்டார். "அதுல சாக்கு வச்சது யாரு தாயே? ஆதப்பன்தானே? அந்தச் சூளைப் புகைதானே? இல்ல, அவனை மாதிரி பெரிய ஆளுங்க எங்கெங்கயோ இருக்காங்களா? யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அடுப்பு புகைந்தது. சாமியம்மா குனிந்து ஊதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முடிச்சைப் பாருங்க, ஏட்டையா."